புகை விற்ற காசு இருமாதா?

"நாய் விற்ற காசு குரைக்குமா? கருவாடு விற்ற காசு நாறுமா?" - கேள்வி பழையது. பதிலை எதிர்பாராமல் கேட்கப்படுவது. காசுக்கு வாயில்லை, மூக்கில்லை, மனச்சான்றும் இல்லை. எவர் கையிலிருந்து வந்தாலும், எப்பொருளுக்கு ஈடாக வந்தாலும், கல்லாவில் விழும்போது எழுவது ஒரே ஓசைதான் என்பது அதன் கருத்து.

அந்தப் பழமொழியை எளிதில் இகழ்ந்துவிட வேண்டாம். கூடை சுமந்து கருவாடு விற்ற தாயைத் தெருவோரம் ஒதுங்கச் சொல்லி, அவள் தந்த காசின்மீது தண்ணீர் தெளித்துத் தீட்டுக் கழித்து, பிறகு அதே காசைப் பத்திரமாக மடியில் முடிந்துகொண்ட மேதாவிகள் வாழ்ந்த நாடு இது. அத்தகையோர் முகத்துக்கு நேரே, உழைத்தவர் காசில் இழிவில்லை என்று எடுத்துரைத்த மொழி அது. அந்த அளவில் அது சமத்துவம் பேசுகிறது. நாம் தலைவணங்கலாம்.

ஆனால், நல்ல வாதம் நல்லவர்க்கு மட்டுமா பயன்படுகிறது? கருவாட்டுக்காரிக்காகப் பிறந்த வாதத்தின் நிழலில் புகையிலை வணிகமும் வந்து ஒதுங்கிக்கொள்கிறது. "நாய் விற்ற காசு குரைக்காது, கருவாடு விற்ற காசு நாறாது, புகை விற்ற காசு மட்டும் இருமுமோ?" என்று கேட்டுச் சிரிக்கிறது. சிரித்துவிட்டுப் போகவேண்டிய கேள்வியன்று இது. நின்று, நிதானித்து, பதில் கூறவேண்டிய கேள்வி.

கருவாட்டிலே நாற்றம் உண்டு, கேடு இல்லை. சுருட்டிலே மணம் உண்டு, கேடும் உண்டு. நாற்றத்தைக் கண்டு முகம் சுளித்த சமுதாயம், கேட்டைக் கண்டு முகம் மலர்ந்தது. மீன் விற்றவளை ஊருக்கு வெளியே நிறுத்தியது. புகையிலை விற்றுப் பொருள் குவித்தவருக்கு ஊர் நடுவே நாற்காலி போட்டது. மூக்கை நம்பிய அளவுக்கு அறிவை நம்பாத சமுதாயத்தின் தீர்ப்பு அப்படித்தான் இருக்கும்!

தெருமுனையிலே ஒரு பெட்டிக்கடை. நான்கடி அகலம், நாற்புறமும் பலகை. மேலே வாழைத்தார், கீழே சோடாப் புட்டிகள், கண்ணாடிச் சாடிகளில் கடலைமிட்டாய், ஈரத்துணியில் வெற்றிலை, கைக்கெட்டும் தூரத்தில் பீடிக்கட்டும் சிகரெட் பெட்டியும். ஒரு காலத்தில் கடையோரம் தொங்கிய கயிற்றின் நுனியில் நெருப்புக் கனன்றுகொண்டே இருக்கும். வாங்கியவர் அங்கேயே பற்றவைத்துக்கொள்வார். அந்தப் பெட்டிக்குள் காலை முதல் இரவு வரை கால்மடக்கி அமர்ந்திருக்கும் மனிதரை நாம் அறிவோம். எவரிடமும் கைகட்டி நிற்காதவர். எந்த முதலாளியின் அழைப்புக்கும் ஓடாதவர். "சொந்தக் கடை, சொந்தக் கால்" என்று பெருமை கொள்பவர். அந்தப் பெருமை நியாயமானது.

அவர் இலாபம் எங்கிருந்து வருகிறது? வாழைப்பழம் மூன்று நாளில் கறுத்துவிடும். வெற்றிலை வாடிவிடும். முறுக்கு நமத்துப்போகும். சிகரெட் பெட்டியோ விரைவில் அழுகுவதில்லை. உள்ளங்கையளவு இடத்திலே பல நூறு ரூபாய்ச் சரக்கு அடங்கிவிடும். விலை பேசுவார் இல்லை. காலையில் வாங்கியவர் நண்பகலில் வருவார். நண்பகலில் வந்தவர் மாலையில் வராதிருக்க மாட்டார். ஒன்றுக்குக் கிடைக்கும் இலாபம் சில்லறைதான். ஆனால் முதல் சுழலும் வேகம் பெரிது. புகைக்க வந்தவர் தேநீர் கேட்பார், வாய் மணக்க மிட்டாய் கேட்பார், வீட்டுக்குப் பழம் வாங்குவார். கடையைத் தூக்கி நிறுத்தும் நடுத்தூண் புகைதான் என்று கணக்குப் புத்தகம் கூறும். நெல் அளக்கும்போது "ஒன்று" என்று கூறாமல் "இலாபம்" என்று எண்ணத் தொடங்குவது நம் வணிகர் மரபு. இந்தக் கடையில் அந்த முதல் எண், பெரும்பாலும், ஒரு பீடிக்கட்டாகவே இருக்கிறது.

திறமையுள்ள வணிகன் வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்கிறான் என்பர். தரம் காட்டித் தக்கவைப்பவன் உண்டு. விலை குறைத்துத் தக்கவைப்பவன் உண்டு. இன்சொல் பேசித் தக்கவைப்பவனும் உண்டு. இந்தக் கடையிலே வாடிக்கையாளரைத் தக்கவைப்பது கடைக்காரர் அல்லர். இலைக்குள் இருக்கும் நிகோடின் என்னும் நஞ்சு. பசித்தவனுக்குச் சோறு விற்றால் பசி தீரும். குளிரில் நடுங்கியவனுக்குப் போர்வை விற்றால் நடுக்கம் தீரும். புகைப்பவனுக்குப் புகை விற்றாலோ, அடுத்த புகைக்கான பசி பிறக்கும்! தேவையைத் தீர்ப்பது வாணிகம். தீராத தேவையை உண்டாக்கி, அதன்மீது வாடகை வாங்குவது வேறொன்று. அதற்கும் வாணிகம் என்றே பெயர் வைத்துக்கொண்டோம்.

கேடு என்று நாம் கூறுவது ஒழுக்கவாதிகளின் உபதேசம் அன்று. எண்ணிப் பார்த்து எழுதப்பட்ட கணக்கு. 1951ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரிச்சர்டு டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் மருத்துவர்களையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டனர். 34,000க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தைக் குறித்துவைத்து, யார் எப்போது எதனால் மடிகிறார் என்று ஆண்டாண்டாகப் பார்த்துவந்தனர். ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்த அந்த ஆய்வின் முடிவு 2004இல் வெளிவந்தது. விடாது புகைத்தவர் புகைக்காதவரைவிடச் சராசரி பத்தாண்டுகள் முன்னதாக மாண்டனர். விட்டுவிட்டவரோ, எவ்வளவு இளமையில் விட்டனரோ அவ்வளவுக்கு இழந்த ஆயுளை மீட்டுக்கொண்டனர். புகையிலையால் உலகெங்கும் ஆண்டுதோறும் எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிகின்றனர் என உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் புகைக்காமலே, பிறர் புகையைச் சுவாசித்த குற்றத்துக்காக மாண்டோரும் உண்டு.

இவ்வளவும் கேட்டபின் கடைக்காரர் பேசுகிறார். அவர் பேச்சை இடைமறிக்காது கேட்பது நம் கடமை.

"வாங்குபவர் விரும்பி வாங்குகிறார், நானா வாயில் திணிக்கிறேன்?" என்கிறார். வலிமையுள்ள வாதம். புலால் மறுத்தலைப் பேசும்போது வள்ளுவரும், விற்பவன் இருப்பதே வாங்குபவன் இருப்பதால்தான் என்று பழியில் ஒரு பங்கை வாங்குபவனுக்கு ஒதுக்குகிறார். ஆனால், வாங்குபவனுக்குப் பங்கு உண்டு என்பதால் விற்பவனுக்குப் பங்கே இல்லை என்றாகிவிடுமா? மேலும், விருப்பம் என்றால் என்ன? வேண்டாம் என்று கூறும் ஆற்றல் இருக்கும்போதுதான் வேண்டும் என்பதற்குப் பொருள் உண்டு. விட்டுவிட வேண்டும் என்று மனைவியிடம் வாக்களித்து, மகள் தலையில் சத்தியம் செய்து, மறுநாள் காலையில் கை நடுங்கக் கடைமுன் நிற்பவரின் விருப்பம் அவருடையதா? நிகோடினுடையதா?

"நான் விற்காவிட்டால் அடுத்த கடைக்காரர் விற்பார்" என்கிறார். உண்மை. ஆனால் இதே வாதத்தை எங்கெல்லாம் கேட்டிருக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். "நான் வாங்காவிட்டால் வேறொருவன் வாங்குவான்" என்று இலஞ்சம் வாங்குபவன் கூறுகிறான். "நான் வட்டிமேல் வட்டி போடாவிட்டால் வேறொருவன் போடுவான்" என்று ஈட்டிக்காரன் கூறுகிறான். தீமையின் மொத்த அளவு குறையாது என்பதாலே அதில் என் பங்கு நியாயமாகிவிடாது.

"அவனவன் தலைவிதி" என்கிறார் சிலர். தோழர்களே! விதி என்ற அந்தச் சொல், வரலாறு நெடுக, யாருக்கு வசதியாக இருந்துவந்திருக்கிறது? தாழ்த்தியவனுக்கு வசதி, தாழ்ந்தவனுக்கு விலங்கு. விற்பவனுக்கு வசதி, இருமுகிறவனுக்குப் பாடை. புற்று நோயைத் தலையில் எழுதியவன் எவனும் இல்லை. நுரையீரலில் எழுதியது புகை. கடையில் காலையிலே சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டி, அந்தச் சுடரிலேயே முதல் பீடியைப் பற்றவைத்துக் கொடுத்துவிட்டு, பழியையும் சாமியின் கணக்கிலேயே எழுதுவது பக்திக்கும் அழகன்று, பகுத்தறிவுக்கும் அழகன்று.

இறுதியாக, தாழ்ந்த குரலில், "வயிறு இருக்கிறதே!" என்கிறார். இந்த வாதத்தின் முன் மட்டும் நாம் குரலைத் தாழ்த்தத்தான் வேண்டும். படிப்பில்லை, நிலமில்லை, சிபாரிசு இல்லை. கையில் இருந்த சிறு முதலுக்குக் கிடைத்தது இந்தப் பலகைப் பெட்டி. அவரிடம் போய், "நீ கொலைகாரன்" என்று கூச்சலிடுவது அறம் அன்று. அறம் பேசுகிறவன் முதலில் தராசைச் சரிபார்க்க வேண்டும். பொறுப்பு என்பது கைக்கு எட்டிய உரிமையின் அளவுக்கே வரும். வேறு வழி இருந்தும் இந்த வழியில் போனவனுக்குப் பொறுப்பு மிகுதி. வேறு வழி அடைக்கப்பட்டிருந்ததால் இதில் வந்தவனுக்குப் பொறுப்புக் குறைவு.

இந்தத் தராசிலே பெரியவர்களை ஏற்றிப் பார்ப்போம்.

தனித்து நிற்கும் வணிகர் என்று நாம் புகழ்ந்த பெட்டிக்கடைக்காரர் உண்மையில் தனித்து நிற்கிறாரா? விலையை அச்சிட்டு அனுப்புவது கம்பெனி. அவருக்கு எத்தனை காசு மிஞ்சலாம் என்று முடிவு செய்வதும் கம்பெனி. ஒரு நாள் வராவிட்டால் கடை வெறிச்சோடும் என்று அவரை அஞ்சவைத்திருப்பதும் அந்தச் சரக்கு. வாங்குபவரை நிகோடின் கட்டியிருக்கிறது. விற்பவரை இலாபம் கட்டியிருக்கிறது. கடை அவருடையது, கயிறு வேறு கையிலே!

அந்தக் கை அறியாமல் செய்ததா? இல்லை. புகைக்கும் புற்றுக்கும் உள்ள தொடர்பு வெளிவரத் தொடங்கியதும், 1954 ஜனவரியில், அமெரிக்கச் சிகரெட் கம்பெனிகள் நாளேடுகளில் முழுப்பக்க அறிக்கை வெளியிட்டன. மக்களின் உடல்நலமே எமக்கு முதன்மை என்று உறுதி கூறின. புகை கேடு என்பதற்குச் சான்றில்லை என்றன. அரை நூற்றாண்டு கழிந்து, 2006இல், அந்நாட்டு நீதிமன்றம் அக்கம்பெனிகள் பல ஆண்டுகளாக மக்களை ஏமாற்றிவந்தன என்று தீர்ப்பளித்தது. அறிந்தே மறைத்த மாளிகை எங்கே? அறியாமல் விற்ற பலகைப்பெட்டி எங்கே? இரண்டுக்கும் ஒரே பழியா?

அரசுகளின் செய்தி இன்னும் சுவையானது. இந்தியாவில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட் விளம்பரத்தைத் தடுத்தது. 18 வயது நிரம்பாதவர்க்கு விற்கக் கூடாது என்றது. கல்விக்கூடங்களிலிருந்து 100 கெசத்துக்குள் விற்கக் கூடாது என்றது. 2016 ஏப்ரல் முதல் பெட்டியின் முகப்பில் 85 விழுக்காடு எச்சரிக்கைப் படம் இருக்கவேண்டும் என்றாயிற்று. நல்ல சட்டங்கள், வரவேற்போம். ஆனால் வலக்கை எச்சரிக்கையை ஒட்டும்போது இடக்கை என்ன செய்கிறது? நாட்டின் மிகப் பெரிய சிகரெட் கம்பெனி, 1910இல் இம்பீரியல் டொபாக்கோ என்ற பெயரில் கல்கத்தாவில் தோன்றி இன்று ஐ.டி.சி. என வழங்குவது. அதன் பெரும் பங்குதாரர்களுள் ஒன்று, பொதுத்துறையைச் சேர்ந்த ஆயுள் காப்பீட்டுக் கழகம்! ஆயுளைக் காக்கும் கழகத்துக்கு, ஆயுளைக் குறைக்கும் சரக்கிலிருந்து ஆதாயம். இந்த முரணைக் கேள்வி கேட்டு வழக்கே தொடுக்கப்பட்டது. பெட்டிக்கடைக்காரருக்கு வயிறு என்ற விடையாவது உண்டு. கழகத்துக்கு எந்த வயிறு?

கடல் கடந்த நியூசிலாந்தைப் பாருங்கள். 2009இலோ அதற்குப் பிறகோ பிறந்த எவருக்கும் சிகரெட் விற்கலாகாது என்று 2022இல் சட்டம் செய்தது; விற்கும் கடைகளின் எண்ணிக்கையையும் பத்தில் ஒன்றாகக் குறைக்கத் திட்டமிட்டது. ஆட்சி மாறியது, 2024இல் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வருமுன்னரே நீக்கப்பட்டது. நீக்கியவர் கூறிய காரணங்களுள் வரி வருவாயும் ஒன்று. கருவூலமும் ஒரு பெட்டிக்கடைதான். அளவில் மட்டுமே பெரிது!

பீடியின் கதை வேறு. 2016-17இல் எடுக்கப்பட்ட நாடளாவிய கணக்கெடுப்பில், இந்தியப் பெரியவர்களில் 28.6 விழுக்காட்டினர் புகையிலையை ஏதோ ஒரு வடிவில் கொள்வோர்; சிகரெட் பிடிப்போர் 4 விழுக்காடு, பீடி பிடிப்போர் 7.7 விழுக்காடு. பீடி ஏழையின் புகை. அதைச் சுற்றுவோரும் ஏழையர். திருநெல்வேலிச் சீமையிலும் வேலூர் வட்டாரத்திலும் வீட்டுத் திண்ணைகளில் முறத்தை மடியில் வைத்து, இலை நறுக்கி, தூள் நிரப்பி, நூல் சுற்றும் பெண்கள் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு உழைக்கின்றனர். புகைக்காமலே புகையிலைத் தூளைச் சுவாசிக்கின்றனர். "கடையை மூடினால் அவர்கள் கதி?" என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானது, அதிலிருந்து வரவழைக்கும் முடிவுதான் நியாயமற்றது. அவர்களுக்கு வேறு தொழில் தராத குற்றம் நம்முடையது. அந்தக் குற்றத்தையே காரணம் காட்டி, இந்தத் தொழில் என்றும் இருக்கட்டும் என்பது, கால் ஒடித்தவனே கைத்தடி விற்கும் கதை!

அப்படியாயின் தடைச் சட்டம் ஒன்றே மருந்தா? நம் இயக்க வரலாறே பாடம் கூறுகிறது. 1921இல் கள்ளுக்கு எதிரான கிளர்ச்சியின்போது பெரியார் தமக்குச் சொந்தமான தோப்பில் நூற்றுக்கணக்கான தென்னைகளை வெட்டச் செய்தார். அதே பெரியார் பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். முரண் என்பர் மேலெழுந்தவாரியாகப் பார்ப்போர். தன் இலாபத்தைத் தான் விடுவது வேறு. பிறன் பழக்கத்தைத் தடியால் திருத்துவது வேறு. முன்னது எவரையும் கட்டுப்படுத்தாது. ஆயினும் எல்லாரையும் நாணச் செய்யும்.

இன்னொன்றையும் மறைக்காது கூறவேண்டும். அறிஞர் அண்ணாவுக்குப் பொடி போடும் பழக்கம் இருந்தது நாடறிந்தது. அவர் 1969 பிப்ரவரி 3ஆம் நாள் புற்று நோய்க்கு இரையானதும் நாடறிந்தது. ஒருவர் உடலில் எது எதை விளைவித்தது என்று அறுதியிட்டுரைப்பது நம் வேலையன்று. ஆனால் ஒன்று கூறலாம்: புகையிலை, அறிவாளி என்றும் பாமரன் என்றும் பார்ப்பதில்லை. எனவே, அடிமைப்பட்டவரை ஏளனம் செய்யும் உரிமை எவருக்கும் இல்லை. இரக்கம் அவருக்கு, கேள்வி விற்பனைக்கு.

இலாபத்தை விட்டவர்கள் உண்டா? உண்டு. 2014இல் அமெரிக்காவின் சி.வி.எஸ். என்னும் மருந்துக்கடை நிறுவனம், 7,600க்கும் மேற்பட்ட தன் கடைகளில் சிகரெட் விற்பதை அறவே நிறுத்தியது. ஆண்டுக்கு ஏறத்தாழ இருநூறு கோடி டாலர் விற்பனை போகும் என்று தெரிந்தே நிறுத்தியது. ஒரு கையில் மருந்தும் மறு கையில் நோயும் விற்பது பொருந்தாது என்று உணர்ந்தது. அந்தப் பெருநிறுவனம் தாங்கிய இழப்பை நம் பெட்டிக்கடைக்காரர் ஒரே நாளில் தாங்கமாட்டார் என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் அவர் கைக்குள்ளும் சில இருக்கின்றன; அவற்றுக்கு எந்த மூலதனமும் வேண்டாம்.

பழகிப்போன முதியவருக்கு விற்பதும், பழகாத சிறுவனுக்கு விற்பதும் ஒன்றல்ல. முன்னது இருக்கும் நெருப்பில் சுள்ளி போடுவது. பின்னது புதிதாக நெருப்பு மூட்டுவது. "அப்பா வாங்கிவரச் சொன்னார்" என்று சிறு கை நீளும்போது, "அப்பாவையே வரச் சொல் தம்பி" என்று கூற ஒரு நொடி போதும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் சிறுவர்க்குப் புகையிலை கொடுப்போர்க்கு ஏழாண்டு வரை கடுங்காவல் என்கிறது. சட்டத்துக்கு அஞ்சி அன்று. அந்தச் சிறுவன் நாளை நம் கடைமுன் கை நடுங்கி நிற்கக் கூடாதே என்று அஞ்சி மறுக்கவேண்டும்.

அடுத்தது, ஒன்றொன்றாக விற்பது. பெட்டியின் மீதுள்ள எச்சரிக்கைப் படத்தைக் காணாமலே, கையில் உள்ள சில்லறைக்குள் தொடங்கிவிட வழி செய்வது அதுதான். புதியவர் நுழையும் வாசல் அது. அந்த வாசலை அடைத்தால் கடைக்காரர் சில காசுகளை இழப்பார். ஓர் இளைஞன் பத்தாண்டு ஆயுளை இழக்கமாட்டான். பின், கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டில் பழத்தை வைத்து, புகையைப் பின்னே தள்ளலாம். புகையால் வந்த இலாபத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, புகையில்லாத சரக்கை ஆண்டுதோறும் பெருக்கலாம். ஒரே நாளில் தூணைப் பிடுங்கினால் வீடு விழும். பக்கத்திலே வேறு தூண் நட்டுவிட்டுப் பிடுங்கினால் வீடு நிற்கும்.

அந்த வேறு தூணை நட உதவுவது அரசின் கடன். புகையிலை வரியில் ஒரு பகுதியேனும், அதை விட்டுவிட முன்வரும் சிறு கடைக்காரருக்கும், பீடி சுற்றும் பெண்ணுக்கும், இலை பயிரிடும் உழவருக்கும் போய்ச் சேரவேண்டும். சேராதவரை, பெட்டிக்கடைக்காரரிடம் தண்டம் வசூலித்துவிட்டு கம்பெனியின் பங்காதாயத்தை வாங்கிக்கொள்ளும் ஆட்சி, அறத்தின் பெயரால் பேசும் தகுதியைப் பெறாது.

புகை விற்ற காசு இருமாதா என்று கேட்டோம். இருமும். பலகைப்பெட்டிக்குள் இருப்பவருக்கு அந்த இருமல் கேட்கிறது. வாடிக்கையாளர் எதிரே நின்றே இருமுகிறார். மாளிகையிலும் கருவூலத்திலும் இருப்போருக்குக் கேட்பதில்லை. சுவர்கள் அங்கே கனமானவை. கேட்கிறவர் காதைப் பொத்திக்கொள்ளாதிருக்கட்டும்; கேளாதோர் சுவரை நாம் தட்டிக்கொண்டே இருப்போம்.